கறுப்புப் பூச்சுக்குக் கீழே

கிட்ட வந்து உட்காருங்க, என் கண்ணுகளா. இருபத்திரண்டு வருஷம் வாயை மூடிக் கிடந்த ஒரு மரம், ஒரு நாள் உண்மையைக் கக்கின கதையைச் சொல்கிறேன்.

மூடிப்போன கடற்படைப் பயிற்சிப் பள்ளி ஒன்று. அதன் மைதானத்துக் கொடிமரம் மட்டும் மிச்சம். விழா நாளில் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு அதில் ஏறி, குறுக்குக்கட்டைகளில் வரிசையாக நின்று வணக்கம் வைப்பார்களாம். ஊர்ப் பிள்ளைகளை வைத்து அந்த விழாவை மறுபடி நடத்த, கொடிமரத்தைப் பழுதுபார்த்து நிறுத்த ஒரு தச்சரைக் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் முன்னால், அங்கே படிக்கும்போது அந்த மரத்திலிருந்து விழுந்து செத்தவன் அவருடைய அண்ணன் என்று கூப்பிட்டவர்களுக்குத் தெரியாது.

‘கால் வைக்கத் தெரியாத மக்கு’ என்று பள்ளியே பேசிற்று. விசாரணைத் தாளில் ‘கவனக்குறைவு’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். பிள்ளை போனது ஒரு பக்கம்; அந்தச் சொல் அம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது. அதைப் பிடுங்க வழி கிடைக்குமா என்றுதான் தச்சர் வேலையை ஒப்புக்கொண்டார்.

மரத்தைச் சாய்த்துக் கிடத்தி, பூச்சைப் பொறுமையாகச் சுரண்டினார்.

“என்ன மேஸ்திரி, நாலு நாளா மரத்துக்கு முகச்சவரம்? அதுக்கென்ன கல்யாணமா?” என்றார் மேற்பார்வையாளர். அவரும் அங்கே படித்தவர்தான்.

“மாப்பிள்ளைக்குத் தோல் தடிப்பு சார்.”

வருஷத்துக்கு ஒரு வெள்ளைப் பூச்சு. நடுவில் ஒரே ஒரு கறுப்பு: அண்ணன் செத்த வாரம் துக்கத்துக்கு அடித்தது. உச்சியில் கால் வைக்கிற முளைக்குப் பக்கத்தில் உளி நின்றது. கறுப்புக்குக் கீழே மூன்று வெள்ளை. அதற்கும் கீழே, அண்ணன் விழுவதற்கு மூன்று வருஷம் முன்பே இற்றுப்போன மரத்தை மறைத்து அடைத்த மரத்தூள் பசை. மூன்று வெள்ளையும் முளையைச் சுற்றி விண்டிருந்தன. விரிசலுக்குள் கறுப்பு இறங்கியிருந்தது. முளை பெயர்ந்து ஆடியதுதான் முதலில்; அண்ணன் விழுந்தது அதனால். அதன் மேல்தான் துக்கத்தைப் பூசியிருக்கிறார்கள்.

“சார், இங்க வாங்க. இந்தப் பசைக்கு எங்க தொழில்ல என்ன பேரு?”

“மக்கு” என்றார் அவர்.

“எங்கண்ணன் மக்கு இல்ல சார். மக்கு இதுக்குள்ளதான் இருந்துச்சு.”

மேற்பார்வையாளர் தொப்பியைக் கழற்றினார். “அன்னிக்கு நான் கீழ் வரிசையில நின்னேன்யா. எல்லாரும் சொன்னாங்கன்னு நானும் சொன்னேன்.”

படம் எடுத்தார். வேலை அறிக்கையில் தன் கையாலேயே எழுதினார்: முளை ஆடியதால் விழுந்தான், பையன்மேல் குற்றமில்லை. கையெழுத்தும் போட்டார்.

தச்சர் இற்ற மரத்தைச் செதுக்கி எடுத்து, நல்ல மரம் பொருத்தி, கொடிமரத்தை நிமிர்த்தினார். பிறகுதான் அறிக்கையின் நகலோடு வீட்டுக்குப் போனார். இரண்டு தடவை படித்துக் காட்டினார். அம்மா தாளை மடியில் வைத்து, சுருக்கம் போகத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“அந்த முளையில இனிமே வேற பிள்ளைங்க கால் வைக்குமே. கெட்டியா வச்சியாடா?”

“நானே ஏறி நின்னு பாத்துட்டுத்தாம்மா வந்தேன்.”

அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்கள் எல்லாரும், என் செல்வங்களே, சோறு ஆறுமுன் பத்திரமாக வந்து சேரட்டும். வீண்பழி ஒன்றும் உங்கள் வாசல் மிதிக்காமல் இருக்கட்டும்.