ஒரு வரிகூடக் குறைக்காதீங்க

அம்மா இறந்ததைப் பற்றித் தையல்காரி எட்டு வரி எழுதி, வாட்ஸ்அப் கவிதைக் குழுவில் போட்டாள். தலையில் கொம்பு முளைத்த நினைப்பில் அங்கே திரியும் ஓய்வுபெற்ற பாங்க் மேனேஜர் அதற்குக் கீழே எழுதினார்: "வெறும் ஒப்பாரி. உங்களுக்குத் தையலே போதும்." நாற்பத்தொரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "நன்றி சார்" என்று பதில் போட்டாள். அன்றிலிருந்து அவர் என்ன கிறுக்கினாலும் முதல் பாராட்டு அவளுடையதுதான். குழுவின் ஆண்டுக் கூட்டத்துக்கென்று இருபது பக்கம் எழுதிவிட்டு, "நீளமோ?" என்று அவளிடமே கேட்டார்.

"ஐயோ சார், ஒரு வரிகூடக் குறைக்காதீங்க!"

மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கூட்டத்தில் ஐந்தாம் பக்கத்தில் கொட்டாவி கிளம்பியது. பத்தாம் பக்கத்தில் நாற்காலிகள் இழுபட்டன. அன்று சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். பத்தொன்பதாம் பக்கத்தில் நிமிர்ந்து பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை. முன்வரிசையில் அவள் மட்டும்தான் இருந்தாள். அந்த ஒருத்தியை நம்பிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க சார். எனக்குத் தையல் இருக்கு."