மாமா இன்னும் முடி வெட்டவில்லை

1

இந்தக் கதை என் மாமாவின் பிடரியில் தொடங்கியது. மாமா என்றால் அக்காவின் கணவர். ஞாயிறு மதியம் சாப்பிடப் போனபோது அவருடைய முடி சட்டைக் காலருக்குள் புகுந்திருந்தது.

"என்ன மாமா, சினிமாவுல சான்ஸ் கேக்கப் போறீங்களா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் ணங்கென்று போட்டு, "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரேன்டி" என்றாள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மாமாவுக்கு மீசை முளைத்த காலத்திலிருந்து முடி வெட்டுகிறவர் ஒரே ஆள்தான், அவருடைய சிநேகிதர். மாமா ஓட்டிய படகு அந்தச் சலூன்காரரின் காலை எடுத்துவிட்டது. இருவருக்கும் இப்போது பேச்சில்லை. வேறு சலூனில் போய் உட்கார மாமாவுக்கு மனசு வரவில்லை.

2

"அன்று ஏரி கண்ணாடி போல" — சீ. ஏரியைப் பார்த்தவர்கள் எல்லோரும் இதைத்தான் எழுதுகிறார்கள்.

"விதி யாரை விட்டது" — பழியை விதியின் தலையில் கட்டினால் மாமா தப்பித்துவிடுவார். வேண்டாம்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். விடுமுறை நாளில் வாடகைக்கு எடுத்த இன்ஜின் படகு. ஓட்டியது மாமா, கூட அக்காவும் சலூன்காரரும். அந்த மாதிரிப் படகில் ஒரு சிவப்புக் கயிறு இருக்கும். ஒரு முனை இன்ஜினில், மறுமுனை ஓட்டுகிறவர் மணிக்கட்டில். அவர் விழுந்தாலோ விலகினாலோ கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். மாமா டீ ஊற்ற எழுந்தபோதெல்லாம் படகு நின்றது.

"என்னடா, கன்னுக்குட்டி மாதிரி உன்னைக் கட்டிப் போட்டிருக்காங்க?" என்று சலூன்காரர் கிண்டலடித்தார்.

மாமாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கயிற்றைக் கையிலிருந்து கழற்றி [இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன். பிறகு சொல்கிறேன்] ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் சலூன்காரர் படகின் பின்பக்கமாக நீந்த இறங்கினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குத் துண்டு எறிய மாமா எழுந்தார். இடுப்பு இடித்து வேகப்பிடி பின்னால் சாய்ந்தது. படகு பின்னோக்கிப் பாய்ந்தது, மாமா விழுந்தார். கயிறு கையில் இருந்திருந்தால் இன்ஜின் அங்கேயே நின்றிருக்கும். நிற்கவில்லை. இன்ஜின் விசிறியில் சிக்கி சலூன்காரருக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

3

(இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், இது இல்லாமல் கதை இல்லை.)

ஒரே விபத்துக்கு இரண்டு வழக்குகள் வரலாம். கவனக்குறைவாகப் படகு ஓட்டியதற்கு அரசாங்கம் போடுவது குற்ற வழக்கு. காயம்பட்டவர் போடுவது நஷ்டஈட்டு வழக்கு. முதலாவதில் வாயிலிருந்து விழும் சொல் இரண்டாவதில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

"குற்றத்தை ஒத்துக்கறேன்னு சொன்னீங்கன்னா, அதையே அடுத்த கோர்ட்டுல எடுத்து நீட்டுவாங்க, சார். இருக்கிற வீடும் போயிடும்" என்றார் மாமாவுக்கு வாதாடிய வக்கீலம்மா. "எதிர்த்து வாதாடலைன்னு மட்டும் சொல்லுங்க. தண்டனை அதேதான். ஆனா நம்ம சட்டப்படி அதை அங்க உங்களுக்கு எதிரா காட்ட முடியாது."

"இல்லம்மா, தப்பு என்—"

வக்கீலம்மா கையை நீட்டி நிறுத்தினார். "நுணலும் தன் வாயால் கெடும், சார். உங்க சிநேகிதர்கிட்டயும் போய்ப் பேசிடாதீங்க."

மாமா அப்படியே செய்தார். அபராதம் விதித்தார்கள், இனிமேல் படகைத் தொடக்கூடாது என்றார்கள். கடைசி பெஞ்சில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த சலூன்காரர் எழுந்து போனார். அடுத்த மாதமே நஷ்டஈட்டு வழக்கு வந்தது.

4

நான் சலூனுக்குப் போனேன். சக்கரம் வைத்த உயர ஸ்டூலில் உட்கார்ந்தபடி நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதிர்த்து வாதாடலையாம்! நான் என்ன அவன்கூட மல்லுக்கட்டவா போனேன்? தப்பு என்னுதுடான்னு ஒரு வார்த்தை. அதைக் கேக்கத்தாம்மா அங்க போய் உக்காந்திருந்தேன். சொல்லியிருந்தான்னா கேஸே போட்டிருக்க மாட்டேன்."

[இவரை நம்பலாமா என்று இங்கே அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அவர் வக்கீல் சொல்லிக்கொடுத்திருப்பார் என்பது வக்கீலம்மாவின் கட்சி. படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்ததால் கிழித்துவிட்டேன்.]

நான் கிளம்பும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்தக் கிளிப்பைப் பத்தி உங்கக்கா ஏதாவது சொன்னாங்களா?"

சொன்னாள். அதுதான் நான் அடித்த வாக்கியம். கயிற்றை ஸ்டியரிங்கில் மாட்டுவதற்கு, முடியைப் பிரித்துப் பிடிக்கும் கிளிப்பைத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் சலூன்காரர்தான்.

"அது வெளிய வந்தா தப்புல என் பங்கும் இருக்குன்னு நஷ்டஈட்டைக் குறைச்சிடுவாங்களாம். வாயைத் திறக்காதேன்னு எங்க வக்கீல் சொல்லிட்டார்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அழுகையாக வந்தது.

5

"நீயாவது கதையில, தப்பு என்னுதுன்னு என்னைச் சொல்ல வச்சிடு" என்று மாமா கேட்டிருக்கிறார். எழுதினால் அவர் வீடு போகுமோ என்று பயம். கிளிப்பைக் கதையில் வைத்தால் சலூன்காரர் வயிற்றில் அடிப்பதாகுமோ என்றும் பயம். கதையைக் கோர்ட்டில் காட்டமாட்டார்கள் என்று நம்புகிறேன். வக்கீலம்மாவிடம் கேட்கவில்லை, கேட்டால் எழுதவே வேண்டாம் என்பார்.

முடிவு ஒன்று: வக்கீல்கள் பேசித் தீர்க்கிறார்கள், நண்பர்கள் கைகுலுக்குகிறார்கள். இது வக்கீல்களின் கதை. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: மாமா வேறு சலூனுக்குப் போகிறார். இதைக் கேட்டதும் அக்கா, "அப்படி எழுதினேன்னா இந்த வீட்டுப் படி ஏறாதே" என்றாள்.

முடிவு மூன்று: ஆளில்லாத மதியத்தில் மாமா சலூனுக்குள் போய் நாற்காலியில் உட்காருகிறார். சலூன்காரர் துணியைப் போர்த்துகிறார், தண்ணீர் தெளிக்கிறார். முடி நீளமாக இருக்கிறது. சட்டைப்பையிலிருந்து கிளிப்பை எடுத்துப் பிடரியில் மாட்டுகிறார். கண்ணாடியில் இருவரும் அதைப் பார்க்கிறார்கள். கத்தரி நிற்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறக்கிறார்கள். முதலில்

இதற்கு மேல் எனக்குக் கை ஓடவில்லை. யார் முதலில் சொல்கிறார் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். உங்களை எந்தக் கோர்ட்டும் சாட்சிக்குக் கூப்பிடாது. கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். போன ஞாயிறு பார்த்தபோது மாமாவின் முடி தோளைத் தொட்டிருந்தது.