இரண்டு விரல் குருடாயில்

நகரிக்குக் கிழக்கே, தார் ரோட்டை விட்டு இரண்டு மைல் உள்ளே இருந்த அந்தக் கிணறு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. அண்ணன் செங்கல்வராயன் ஊரிலேயே இருந்து பயிர் வைத்தார். தம்பி ஆதிநாராயணன் திருப்பதியில் பஸ் டிரைவர். அதனால் தம்பியின் பங்கு நிலத்தை அவன் மனைவி தாட்சாயணிதான் பார்த்துக்கொண்டாள். கரும்புக்கு மடை திருப்புவதிலிருந்து வேர்க்கடலைக்கு ஆள் விடுவது வரை எல்லாம் அவள் கைவேலை.

கிணற்று மேட்டில் ஒரு கொட்டகை. அதற்குள் இரண்டு வீடும் சேர்ந்து வாங்கிய டீசல் இன்ஜின். டீசலை ஊரில் குருடாயில் என்பார்கள். ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. முறை முடிந்தவர் டாங்கியை வாய்வரை நிரப்பிவிட்டுப் போக வேண்டும். இன்ஜினின் வயிற்றில் ஊற்றுகிற மசகு எண்ணெய் மட்டும் முழுக்க செங்கல்வராயன் பொறுப்பு. இந்த ஏற்பாடு மூன்று வருஷம் ஒரு பேச்சும் இல்லாமல் நடந்தது.

பேச்சு வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஆந்திர ராஜ்யம் பிரிந்து நாலு வருஷம் ஆகியும் எந்த ஊர் எந்தப் பக்கம் என்பது தீரவில்லை. ஊர் ஊராக மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். செங்கல்வராயன் மதராஸோடு சேர வேண்டும் என்று முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். ஆதிநாராயணன் போடவில்லை. திருப்பதியில் பிழைக்கிறவன் எப்படிப் போடுவான் என்று தாட்சாயணி கேட்டாள். கேட்டது அண்ணன் காதுக்கு வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. அந்த நாட்களில் ஊரே அப்படித்தான் இருந்தது. யார் யாரிடம் நின்று பேசுகிறார்கள் என்பதைக்கூடக் கணக்கு வைத்தார்கள்.

மாசி மாதத்தில் ஒரு காலை, தன் முறைக்கு இன்ஜினை எடுக்கப் போன தாட்சாயணி டாங்கியில் குச்சி விட்டுப் பார்த்தாள். இரண்டு விரல் குறைந்திருந்தது. முந்தின சாயங்காலம் நிறைந்திருந்ததை அவளே பார்த்திருந்தாள். அடுத்த முறையும் இரண்டு விரல். அதற்கடுத்த முறை கொஞ்சம் கூடவே.

இன்ஜினைப் பார்த்துக்கொண்டது கிருஷ்ணப்பா. குப்பம் பக்கம் குடுபல்லிக்காரன், முப்பது வயசிருக்கும், இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஆள். கொட்டகைச் சாவி அவனிடம்தான். தாட்சாயணி அவன் போகவரக் கவனிக்க ஆரம்பித்தாள். அவன் சைக்கிளில் எப்போதும் ஒரு தகர டப்பா தொங்கியது. கை கழுவ, இன்ஜின் துடைக்க என்று அதில் கொஞ்சம் குருடாயில் வைத்திருப்பான். முன்பு கண்ணில் படாத டப்பா இப்போது போகிற இடமெல்லாம் தெரிந்தது. அவன் வேட்டி நாற்றம், அவன் சீக்கிரம் கிளம்புவது, கேட்ட கேள்விக்கு அவன் ஒரு நொடி தாமதித்துப் பதில் சொல்வது, எல்லாமே ஒரே பக்கம் கை காட்டின.

ஒரு நாள் டீக்கடை எதிரில் அவனை நிறுத்தி, டப்பாவைத் திறக்கச் சொன்னாள். பாதி டப்பா இருந்தது. “டாங்கில எடுத்துத்தான் எங்க ரெண்டு வீட்டையும் கெடுத்துக்கினு இருக்கிறியா?” என்று நாலு பேர் முன்னால் கேட்டாள். கிருஷ்ணப்பா அவளைப் பார்க்காமல் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சாவியை டீக்கடை பெஞ்சின்மேல் வைத்துவிட்டுப் போனான். மறுத்து ஒரு வார்த்தை சொல்லாததே அவளுக்குச் சாட்சியாகப் போய்விட்டது.

அவன் போய் நாலு நாள் ஆயிற்று. டாங்கியில் குச்சி விட்டாள். இரண்டு விரல் குறைந்திருந்தது.

அப்படியானால் எடுத்தது அவன் இல்லை. ஆனால் அந்த எண்ணத்தோடு நிற்க அவளால் முடியவில்லை. கிருஷ்ணப்பா இல்லையென்றால் மூத்தார், புருஷனின் அண்ணன். இன்னொரு சாவி செங்கல்வராயன் வீட்டு ஆணியில் தொங்குவது எல்லோருக்கும் தெரியும். பகையை வைத்துக்கொண்டு சாயங்காலம் நிரப்புகிற மாதிரி நிரப்பிவிட்டு, அவள் போனதும் எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்தாள். அவர் வரப்பில் நடந்தால் இவள் கரும்புக்குள் நின்று பார்த்தாள். அவரும் இன்ஜின் பக்கம் போனால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அதுவும் அவளுக்குக் குற்றவாளியின் பார்வையாகவே பட்டது.

கடைசியில் ஒரு சோதனை வைத்தாள். மூத்தார் முறை முடிந்த சாயங்காலம் கொட்டகைக்குப் போய், டாங்கி நிறைந்திருப்பதைப் பார்த்து, மூடியையும் கழுத்தையும் சேர்த்துக் கறுப்பு நூலால் தனக்கு மட்டுமே தெரிந்த முடிச்சுப் போட்டாள். குழாய் இணைப்புகளுக்குக் கீழே ஒரு தட்டு வைத்தாள். காலையில் முடிச்சு அப்படியே இருந்தது. தட்டில் ஒரு சொட்டு இல்லை. டாங்கியில் மட்டும் இரண்டு விரல் குறைந்திருந்தது.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மனுஷன் கை படாமல் குருடாயில் எங்கே போகும்?

அந்த வாரம் வந்த புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பஸ் ஷெட்டில் டீசல் பம்புகளுக்கு என்றே ஒரு மேஸ்திரி இருக்கிறார், அனுப்புகிறேன் என்றான். அடுத்த ஞாயிறு முதல் பஸ்ஸில் நாகையா வந்து இறங்கினார். ஒல்லியான ஆள், ஐம்பது வயசு, தெலுங்கும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவார்.

அவர் உடனே இன்ஜினை ஓட்டச் சொல்லவில்லை. முதலில் ஒரு பழந்துணியால் டாங்கியிலிருந்து பம்பு வரை, பம்பிலிருந்து தலைப்பக்கம் போகிற குழாய் வரை ஈரமில்லாமல் துடைத்தார். பம்பு என்பது இன்ஜின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் கைப்பிடி அளவு இரும்பு. குருடாயிலை அழுத்தி உள்ளே பீச்சுவது அதுதான். பிறகு வீட்டிலிருந்து விபூதி கேட்டு வாங்கி, பம்பின் மேலும் ஒவ்வொரு நட்டின் மேலும் தூவினார். எங்கே கசிகிறதோ அங்கே விபூதி நனைந்து கறுக்கும் என்றார். அரை மணி இன்ஜின் ஓடியது. நிறுத்தினார்கள். விபூதி அதிர்ந்து உதிர்ந்ததே தவிர, ஒரு இடத்திலும் கறுக்கவில்லை.

“பயட்டிக்கு ராலேதும்மா. வெளிய ஒழுகல,” என்றார் நாகையா. “அப்ப உள்ளதான் போவுது.”

எண்ணெய் அளக்கிற கம்பியை உருவினார். கோட்டுக்கு மேலே இரண்டு அங்குலம் ஏறியிருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்து முகர்ந்தார். அவளிடமும் நீட்டினார். தேன் மாதிரி இழுக்க வேண்டிய எண்ணெய் தண்ணீராக ஓடியது, குருடாயில் வாசனை மூக்கில் ஏறியது. ஒரு பழைய பேப்பரில் ஒரு சொட்டு வைத்தார். நடுவில் கறுப்பு நின்றது. அதைச் சுற்றி ஒரு வட்டம் படர்ந்து, பேப்பரே கண்ணாடி மாதிரி ஆயிற்று.

“ஆயில் யாரு ஊத்துறது?” என்று கேட்டார்.

தாட்சாயணிக்கு உடம்பெல்லாம் சுட்டது. ஆயில் மூத்தார் பொறுப்பு. டாங்கியிலிருந்து எடுத்து இங்கே ஊற்றியிருக்கிறார், இன்ஜினையே நாசமாக்கப் பார்த்திருக்கிறார் என்றாள். நூல் அறுபடாமல் எப்படி எடுத்தார் என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவேயில்லை.

நாகையா அதற்கு ஆமாம் போடவில்லை. அவரைக் கூப்பிடுங்கள், அவர் சொல்வதையும் கேட்காமல் பம்பில் கை வைக்க மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு தாட்சாயணி அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். “மாமா, இன்ஜினாண்ட ஒருவாட்டி வந்துட்டுப் போங்க,” என்றாள். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

கொட்டகையில் அந்தப் பேப்பரைப் பார்த்ததும் செங்கல்வராயன் முகம் மாறியது. அது பயம் இல்லை. நினைத்தது சரியாகப் போன முகம்.

“ரெண்டு மாசமா நான் ஆயிலே ஊத்தல,” என்றார் நாகையாவிடம். “ஊத்தாமலே ஏறிக்கினு கீது. நான் எடுத்துக் கொட்டுறேன், மறுபடியும் ஏறுது. யாரு வந்து குருடாயில ஊத்தி இன்ஜின கெடுக்கிறாங்கன்னு நானும் பார்த்துக்கினுதான் கீறேன்.”

யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தாட்சாயணிக்கு இப்போதுதான் புரிந்தது. அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தது அவளைக் காவல் காக்கத்தான். கரும்புக்குள் நின்று அவள் பார்த்ததும், வரப்பில் நின்று அவர் பார்த்ததும் ஒரே வேலை. டாங்கி குறைவது அவளுக்குத் தெரிந்தது, ஆயில் ஏறுவது அவருக்குத் தெரிந்தது. இரண்டையும் ஒருவரிடம் ஒருவர் ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும்.

நாகையா பம்பைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்றினார். டாங்கியிலிருந்து வருகிற குழாயை மட்டும் விட்டுவைத்து, பம்பை அதன் இடத்திலிருந்து வெளியே இழுத்துத் தட்டுக்கு மேலே பிடித்தார். பம்பின் அடிப்பக்கம், இத்தனை நாள் இன்ஜின் வயிற்றுக்குள் மறைந்திருந்த பக்கம், வெளிச்சத்துக்கு வந்தது. மூவரும் குனிந்து பார்த்தார்கள். அடியில் ஒரு சொட்டு திரண்டது. கனத்தது. தட்டில் விழுந்தது. இன்னொன்று திரண்டது.

உள்ளே ஏறி இறங்குகிற தண்டு தேய்ந்துவிட்டது, அந்த இடுக்கு வழியாகக் குருடாயில் ஆயிலில் இறங்குகிறது, இன்ஜின் நின்றிருந்தாலும் குழாய் திறந்திருக்கிறதால் இறங்கிக்கொண்டே இருக்கும் என்று விளக்கினார். இன்னும் ஒரு மாசம் ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும். தண்டும் அதன் கூடும் ஜோடியாக மதராஸிலிருந்து வரவழைக்க வேண்டும். அதுவரை நிறுத்தியதும் டாங்கிக் குழாயை மூடுங்கள், ஆயிலை வாரம் ஒருதரம் மாற்றுங்கள் என்றார்.

செங்கல்வராயன் தட்டிலிருந்து நிமிர்ந்தார். பிறகு, “அந்தக் கிருஷ்ணப்பா எங்க போனான்?” என்று கேட்டார்.

பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் இருக்கிறான் என்று டீக்கடையில் சொன்னார்கள். மறுநாள் தாட்சாயணியும் மூத்தாரும் சித்தூர் பஸ் ஏறினார்கள். அவர் முன் சீட்டில், அவள் மூன்று வரிசை பின்னால். சித்தூரில் இறங்கி வேறு பஸ் மாறும்போது அவர் ஒரு வாழைப்பழச் சீப்பு வாங்கி அவளிடம் நீட்டினார். அவ்வளவுதான்.

கிருஷ்ணப்பா கூடைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான். தாட்சாயணி நடந்ததையெல்லாம் சொன்னாள், தப்பு தன்மேல் என்றாள், வேலைக்கு வா என்று கூப்பிட்டாள். அவன் கேட்டுக்கொண்டே இரண்டு கூடை தூக்கினான். மூன்றாவது கூடையைக் கீழே வைத்தான்.

“வேல இங்கியே கீதும்மா,” என்றான். “நீங்க டீக்கடையில சொன்னது குடுபல்லி வரைக்கும் போயிட்டுது. சுந்தரிய அவங்கம்மா கூட்டிக்கினு போய் வெச்சிக்கினாங்க. திருட்டுப்பய வூட்டுக்கு அனுப்ப மாட்டேன்னுட்டாங்க.”

சுந்தரி அவன் பெண்சாதி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

தாட்சாயணி மூத்தாரைப் பார்த்தாள். குடுபல்லிக்குப் போகிற வழியில் இருக்கும் பலமநேருக்கு பஸ் எங்கே நிற்கும் என்று அவர் ஏற்கனவே ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கிருஷ்ணப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கூட வந்தான்.

குடுபல்லி போய்ச் சேரப் பொழுது சாயும் நேரமாகிவிட்டது. மாமியார்க்காரி ஜெயம்மா வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். மருமகனைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள். உட்காரச் சொல்லவில்லை. தாட்சாயணி நின்றபடியே சொன்னாள். டப்பாவைத் திறக்கச் சொன்னது, அவன் போன பிறகும் குறைந்தது, நூல் கட்டியது, பம்பின் அடியில் சொட்டு விழுந்தது எல்லாம்.

ஜெயம்மா புளியிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள். முடிந்ததும், “திருடன்னு ஊரு முன்னால சொன்னீங்க. இப்ப எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி?” என்றாள்.

அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்களை அவளே கூப்பிட்டாள். பத்துப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். செங்கல்வராயன் தலையைக் குனிந்துகொண்டு தாட்சாயணிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்ட இடம் வந்தபோது, நானும்தான் என்று அவரும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த சுந்தரி கேட்டு முடித்துவிட்டு உள்ளே போனாள். துணி மூட்டையோடு வெளியே வந்தாள். காலை பஸ்ஸுக்குத்தான் போக முடியும் என்று ஜெயம்மா சொன்னாள். சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குச் சோறு வடிக்க எழுந்து போனாள்.