அத்தை சொன்ன விலை

ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டபடியே மருமகள் பால்கனியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அத்தை, வந்துச்சா?"

"எங்க வருது? வாசப்படியில நின்னு யோசிச்சுக்கிட்டிருக்கு," என்றார் மாமியார் உள்ளேயிருந்து. "இன்னும் கொஞ்சம் இறங்குனா என் விலைதான்."

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த சட்டையை வாளியிலிருந்து எடுத்தாள்.

மாமியார் தையல் ஆலையில் காலர் தைப்பவர். அன்று அவருக்கு மதிய ஷிஃப்ட். மதிய ஷிஃப்ட் இருக்கும் வாரங்களில், மகன் வேலைக்குக் கிளம்பியதும், சாப்பாட்டு மேஜையில் பாடம் நடக்கும். பங்குச் சந்தைப் பாடம். மருமகளுக்கும் அதில் பெரிதாக ஒன்றும் தெரிந்துவிடவில்லை. வீட்டிலிருந்தபடியே செல்போனில் ஒரு தொடக்க வகுப்பில் சேர்ந்திருந்தாள். ஆசிரியையைவிட மாணவி ஒரு பாடம் மட்டும் பின்தங்கியிருந்தார், அவ்வளவே.

கண்ணாடி ஜன்னல் பொருத்தும் வேலை செய்கிற மகனுக்கு இது பிடிக்காது. "சீட்டாட்டத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று ஒருமுறை கேட்டான். அதற்குப் பிறகு மாமியாரும் மருமகளும் அவன் இருக்கும்போது பேச்சை எடுப்பதில்லை.

முதல் நாளே மாமியார் நாற்காலியில் கிடந்த சட்டையைத் தூக்கிப் பிடித்து, "இந்தச் சட்டைதான் கம்பெனின்னு வெச்சுக்க. இதுல ஒரு பட்டன் என்னுது. அதானே பங்கு?" என்று கேட்டார்.

"அதேதான் அத்தை."

"சட்டை கிழிஞ்சா என் பட்டனும் போச்சு."

"போச்சு. அதனாலதான் காசு எல்லாத்தையும் ஒரே சட்டையில போடாதீங்கங்கறாங்க."

விலை சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம் என்ற பாடம் வந்தபோது மாமியார் இன்னும் உற்சாகமானார். நாம் ஒரு விலையைக் குறித்து வைத்துவிட்டால், பங்கு அந்த விலைக்கு இறங்கி வரும்போது தானாகவே வாங்கிவிடும் என்று மருமகள் சொன்னாள்.

"கடையில பேரம் பேசிட்டு, திரும்பிப் பாக்காம நடக்கற மாதிரி. அவனே கூப்பிடுவான்."

"கூப்பிடாமலும் போகலாம் அத்தை."

"போகட்டுமே. வேற கடை இல்லையா?"

அவர் தேர்ந்தெடுத்தது ஒரு நூல் கம்பெனி. எந்த மிஷினாக இருந்தாலும் நூல் இல்லாமல் ஓடாது என்பது அவர் கட்சி. அது மட்டும் போதாது, கம்பெனிக்குக் கடன் எவ்வளவு, லாபம் வருஷா வருஷம் வருகிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்று மருமகள் பிடித்து உட்கார வைத்தாள். இருவரும் முட்டி மோதிப் படித்தார்கள். பாதி புரிந்தது. கடைசியில் ஒரே ஒரு பங்கு, பழகிப் பார்ப்பதற்காக, என்று முடிவாயிற்று. இன்று காலை மாமியார் தன் விரலாலேயே விலையை அழுத்திவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு செல்போனோடு உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"அத்தை! வந்துடுச்சா?"

மருமகள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். மாமியார் தலையைக் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த போனை இவள் மெல்ல உருவி எடுத்துப் படித்தாள்.

"உங்க விலைக்கே கிடைச்சுடுச்சு அத்தை! ஒரு பைசாகூடக் கூடல. இனிமே நீங்களும் ஒரு முதலாளி."

சிரித்துக்கொண்டே தோளைத் தட்டினாள். தோள் தட்டின பக்கமே சாய்ந்தது. கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி மடியில் விழுந்தது.

அவள் அதை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "அத்தை," என்றாள். பிறகு இன்னொரு தரம், யாரோ தூங்குகிறவரை எழுப்பும் குரலில், "அத்தை."

கீழ்த்தளத்தில் கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மா எப்படி வந்தார், யார் போய்க் கூப்பிட்டார்கள் என்பது அவளுக்குப் பிறகு நினைவில் இல்லை. மருமகளே படியில் இறங்கி ஓடியதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். டாக்டரம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"முடிஞ்சிடுச்சும்மா. இதயம் சட்டுனு நின்னிருக்கு. என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"நூல் வாங்கிட்டிருந்தாங்க," என்றாள் மருமகள்.

டாக்டரம்மா தலையசைத்தார். மேஜைமேல் போனில் எண்கள் சிவப்பும் பச்சையுமாக மாறிக்கொண்டேயிருந்தன. மருமகளுக்கு அதை அணைக்கத் தோன்றவில்லை. பால்கனிக்குப் போய் வாளியில் மிச்சமிருந்த துணியைக் காயப் போட்டாள். கடைசியாக வந்தது மாமியாரின் ஆலைச் சட்டை. அதையும் உதறி, சுருக்கம் நீவி, இரண்டு கிளிப் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் உள்ளே வந்தாள்.

கணவனுக்குப் போன் செய்தபோது அவன் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டான். "சாப்பிட்டாங்களா? காலையில சாப்பிட்டாங்களா?"

"ரெண்டு ரொட்டி சாப்பிட்டாங்க."

"அப்புறம் எப்படி?" என்றான்.

அவன் வேலைக் கையுறையைக் கூடக் கழற்றாமல் வந்து நின்றான். அதற்குள் அம்மாவைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். கட்டிலோரம் மண்டியிட்டு, கையுறைக் கையாலேயே நெற்றியைத் தொட்டான். பிறகுதான் அதைப் பார்த்து, அவசரமாகக் கழற்றி வீசிவிட்டு மறுபடி தொட்டான்.

"கடைக்கா போயிருந்தாங்க? நூல் வாங்கப் போன இடத்துலன்னு கீழ சொல்றாங்க."

அறையில் வேறு யாரும் இல்லை. மருமகள் எல்லாவற்றையும் சொன்னாள். வகுப்பு, பட்டன், நூல் கம்பெனி, காலையில் குறித்து வைத்த விலை. சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்தது.

"இறங்கிச்சா?"

"என்னது?"

"அந்தப் பங்கு. அம்மா பாத்துக்கிட்டிருக்கும்போது விலை இறங்கிச்சா?"

"இறங்கிச்சு. ஆனா..."

"அதப் பாத்துதான் நெஞ்சு நின்னுருக்கு." அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. "காசு போச்சேங்கற அதிர்ச்சியிலதான் போயிட்டாங்க."

"இல்லீங்க. இறங்கணும்னுதான் உக்காந்திருந்தாங்க. இறங்குனாதான் வாங்க முடியும். அத்தை சொன்ன விலைக்கு அது இறங்கி வரணும்."

"விலை இறங்குனா யாராவது சந்தோஷப்படுவாங்களா?"

"வாங்கறவங்க சந்தோஷப்படுவாங்க. அவங்க விக்கறவங்க இல்ல, வாங்கறவங்க..." செத்துக் கிடப்பவரின் தலைமாட்டில் நின்று பாடம் நடத்துகிறோம் என்பது உறைத்து, பாதியில் நிறுத்தினாள். ஆனால் அவன் கேட்டது அவளுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அந்தச் சத்தம் வந்தபோது அத்தை உயிரோடு இருந்தாரா? திரையைப் பார்த்தாரா? பார்த்துப் பதறினாரா? முதல் தடவை வாங்குகிறவர்களுக்குக் கை நடுங்கும் என்று வகுப்பிலேயே சொன்னார்களே. சுவரில் சாய்ந்தாள். சுவர் சில்லென்று இருந்தது.

மதியம் ஆலையிலிருந்து ஐந்தாறு பெண்கள் வந்தார்கள். ஷிஃப்ட்டுக்குக் கிளம்பியவர்கள், மேலங்கியோடு அப்படியே வந்துவிட்டிருந்தார்கள். முன்னால் வந்தவரை மருமகளுக்கு அடையாளம் தெரிந்தது. பட்டன் துளை அடிக்கும் மிஷினில் இருப்பவர், எல்லாருக்கும் காஜா அக்கா. அவர் கட்டிலைக் கண்கொட்டாமல் பார்த்தார். அழவில்லை. மருமகள் பக்கம் திரும்பினார்.

"எறங்குச்சா?"

மருமகளுக்குப் புரியவில்லை. கட்டிலருகே இருந்த கணவன் நிமிர்ந்தான்.

"நூல் கம்பெனிம்மா. நேத்து சாப்பாட்டு நேரத்துல எங்க எல்லாரையும் உக்கார வெச்சு கிளாஸ் எடுத்துச்சு. வீட்டுல மருமக சொல்லிக் குடுத்ததுன்னு, ஒண்ணு விடாம. நாளைக்குக் காலையில நான் சொன்ன விலைக்கு அது எறங்கி வருதா இல்லையான்னு பாருங்கடின்னு சவால் விட்டுட்டுப் போச்சு. வந்தா எங்களுக்கெல்லாம் டீ வாங்கித் தரேன்னுச்சு." அவர் மருமகளின் கையைப் பிடித்தார். "எறங்குச்சா?"

"எறங்குச்சுக்கா. அவங்க சொன்ன விலைக்கே வாங்கிட்டாங்க."

"அப்ப சரி," என்றார் காஜா அக்கா. "அப்ப சரி." பின்னால் நின்ற பெண்களிடமும் திரும்பி, "வாங்கிடுச்சாம்டி," என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஓவென்று அழுதார்.

கணவன் எழுந்து வெளியே போனான். போகும்போது மருமகளின் முகத்தைப் பார்த்தான்.

மறுநாள் காலையில் மாமியாரை இறுதிச் சடங்குக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி மூடி வைத்துவிட்டுப் போன சாப்பாட்டை யாரும் தொடவில்லை. மருமகளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்தபடி வீடு முழுக்க ஒருமுறை நடந்தாள்.

கணவன் நடையில், சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தான். யாரிடமோ இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போன கறுப்பு ஷூ. ஒன்றைக் கழற்றியிருந்தான். இன்னொன்றின் கயிறு முடிச்சு விழுந்து இறுகியிருந்தது. எவ்வளவு நேரமாக அதைப் பிரித்துக்கொண்டிருந்தானோ, விரல் நுனி சிவந்துபோயிருந்தது.

அவள் எதிரில் உட்கார்ந்து, அவன் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நகத்தால் முடிச்சை நெருடினாள். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"இறுக்கிட்டேன் போல," என்றான்.

"அசையாதீங்க," என்றாள். குனிந்து, கயிற்றின் நுனி எங்கே போகிறது என்று தேடத் தொடங்கினாள்.