அம்பு தானாகச் சேரும்

...மனித குலம் சக்கரத்துக்கு அப்புறம் கண்டுபிடித்த ஒரே உருப்படியான சமாச்சாரம் அம்புக்குறிதான், ஒரு கோடு, கோட்டுக்கு ஒரு மூக்கு, இங்கிருந்து அங்கே போ என்று சொல்ல அதைவிட வேறென்ன வேண்டும், அது மட்டும் இல்லாவிட்டால் நாகரிகம் ஏது, வியாபாரம் ஏது, ஆம்பூரில் தைக்கிற ஷூ ஜெர்மன்காரன் காலுக்குப் போய்ச் சேருவது ஏது என்றெல்லாம் எலியாஸ் இரண்டு வருஷமாக நினைத்து, நினைத்ததைப் பெண்டாட்டியிடமும் சொல்லி வந்தான், ஆனால் அவன் எழுதிய படம் போடும் புரோகிராமில், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் அந்த மூக்கு பின்னால் திரும்பிக்கொண்டு, ஷூவெல்லாம் கப்பலிலிருந்து இறங்கி ஃபேக்டரிக்கு வந்து தோலாகி மாட்டின் மேல் போய் ஒட்டிக்கொள்வதாகக் காட்டியது, நாகரிகத்தின் மூக்கைத் திருப்பி வைக்கவே நாலு மாதம் பிடித்தது. அந்த நாலு மாதத்தைப் பற்றி இன்றைக்கு யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? பஸ் ஆம்பூரைத் தாண்டியிருந்தது, வேலூர் பஸ், பாதி காலி, ஷிஃப்ட் முடியாத மத்தியானத்தில் வீட்டுக்குப் போகிறவர்கள் காய்ச்சல்காரர்களும் எலியாஸும்தான், யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை... கண்டக்டர் வந்து நின்று, வேலூர்ல எங்க சார், புது பஸ் ஸ்டாண்டா ஓல்டா என்று கேட்க, இவன் ஜன்னலைப் பார்த்தபடியே பாக்கலாம் என்றான். "பாக்கலாம்னா இன்னா சார், நான் டிக்கெட்டு கிழிக்கணும்ல?" என்றார் கண்டக்டர்.

பாக்கலாம்... அந்த வார்த்தைதான், அந்த வார்த்தையால்தான் எல்லாமே. எலியாஸ் செய்தது என்னவென்று கேட்டால் ரொம்ப சிம்பிள், பிரவுசரைத் திறந்தால் ஒரு வெள்ளைப் பக்கம், அதில் மவுஸால் இழுத்து இழுத்து ஒரு கம்பெனியின் வேலை மொத்தத்தையும் படமாகப் போட்டுவிடலாம், ஒரு வேலைக்கு ஒரு கட்டம், ஒரு முடிவுக்கு ஒரு டைமண்ட், நடுவே அம்புகள், ஆம்பூரில் போட்ட படத்தை ஜெர்மனியில் உட்கார்ந்து பார்க்கலாம், திருத்தலாம், எந்த சிடியும் போடவேண்டாம், இந்த மாதிரி சாஃப்ட்வேருக்கு எடிட்டர் என்று பேர். உலகத்தில் எல்லா டைமண்டிலிருந்தும் இரண்டு அம்புதான் கிளம்பும், யெஸ் ஒன்று, நோ ஒன்று. எலியாஸும் அப்படித்தான் போட்டான். ஆனால் அந்த ஷூ ஃபேக்டரியில் எந்த டைமண்டும் கடைசியில் முதலாளி ஜியாவுதீன் சாஹிப் மேஜைக்குப் போகும், சாஹிப் தோலை வாங்கி முகர்ந்து பார்ப்பார், வளைத்துப் பார்ப்பார், கண்ணாடியைக் கழற்றி வைப்பார், பாக்கலாம் என்பார். அது யெஸ்ஸா, நோவா? அந்த பாக்கலாமில் ஆர்டர்கள் மாதக்கணக்கில் ஊறியிருக்கின்றன, கட்டிங் செக்‌ஷன் பாதியை வெட்டி வைத்துவிட்டு மீதிக்குக் காத்திருக்கும், சரக்கு வாங்கும் பையருக்குப் பதில் போகாது, ஆனால் வேலை நிற்கவும் நிற்காது, அதுதான் வேடிக்கை. ஒருநாள் டீக்கடையில் திடீரென்று உதித்தது, டைமண்டிலிருந்து மூன்றாவதாக ஒரு அம்பு, கீழே வளைந்து போய்ச் சும்மா நின்றுகொண்டிருக்கும், பேர் பாக்கலாம். எழுந்து ஓடினான், புரொடக்‌ஷன் மேனேஜர் இஷ்தியாக் அகமதுவிடம், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச், இவனை இந்தக் கம்பெனிக்குக் கூட்டிவந்ததே அவன்தான். இஷ்தியாக் சிரித்து சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, "டேய் எலியாஸு, சாஹிப் பாத்தாருன்னா ஒன் தோல வெட்டி ஷூவுக்கு அப்பர் தச்சிருவாருடா" என்று முதுகில் அடித்தான்... அந்த அடி, அந்தச் சிரிப்பு, அதெல்லாம் நிஜம்தானே? நிஜமாக இல்லாவிட்டால் கண்ணில் தண்ணீர் எப்படி வரும்?

இன்று காலை கான்ஃபரன்ஸ் ஹாலில், ஜெர்மன் பையருக்கு எடிட்டரைக் காட்டும் டெமோவில், முதல் ஸ்லைடு வந்தது. ஜியா ஃப்ளோ. எலியாஸ் வைத்த பேர் அதுவல்ல, சரி, பேரில் என்ன, முதலாளி பேர் இருந்தால் நல்லதுதான் என்று மனசைத் தேற்றுவதற்குள் கீழே அடுத்த வரி, கான்செப்ட் அண்ட் டிசைன்: இஷ்தியாக் அகமது. அவசரத்தில் அடித்திருப்பான், அடுத்த ஸ்லைடில் நம்ம பேர் வரும் என்று எலியாஸ் நினைத்தான், அதற்கடுத்த ஸ்லைடில் வரும் என்று நினைத்தான், கடைசி ஸ்லைடில் வந்தது, நன்றி என்று போட்டு, கேட்டரிங், எலக்ட்ரீஷியன், மற்றும் ஐ.டி. டீம். டீம் என்றால் எலியாஸும் ஒரு யூபிஎஸ்ஸும். ஜெர்மன்காரர், வயசானவர், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அந்த மூன்றாவது அம்பைப் பேனாவால் காட்டி இது என்ன என்று கேட்டார், எலியாஸுக்கு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டது உடம்பு, அதற்குள் இஷ்தியாக் கோட்டைச் சரிசெய்துகொண்டு, கோட்டு, ஆம்பூர் வெயிலில், இது நம் மண்ணின் நிர்வாகத் தத்துவம், இந்த மூன்றாவது பாதையை நான் பல வருஷ அனுபவத்தில் கண்டடைந்தேன் என்று இங்கிலீஷில் சொன்னான். அருமை, அருமை என்றார் ஜெர்மன்காரர். சாஹிப் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். தன்னைக் கிண்டல் பண்ணிப் போட்ட அம்பு என்று அவருக்கு யார் சொல்வது, எலியாஸ் சொல்லலாமா, சொன்னால் அம்பு திரும்பிவிடும், பாராட்டைக் கேட்டு வாங்கப்போனால் திட்டுதான் கையில் கிடைக்கும், இஷ்தியாக்குக்கு அதுவும் தெரியும், எல்லாம் தெரிந்தவன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மாதனூர் வந்து போனது, யாரோ ஏறினார்கள், யாரோ கூடையைக் காலில் இடித்தார்கள்... அதோடு விட்டிருந்தால் பேர்தானே போனது என்று இருந்திருப்பான். இஷ்தியாக் கம்பெனியின் படத்தையே திறந்தான், ஆர்டர் வருவதிலிருந்து சரக்கு கப்பல் ஏறுவது வரை, நடுவில் சிஸ்டம்ஸ் என்று ஒரு கட்டம், எந்த ஆர்டரும் அங்கே எலியாஸ் கையால் கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்ட பிறகுதான் கட்டிங்குக்குப் போகும், நீலக் கலர், கட்டத்துக்குள் சின்னதாக அவன் பேர், அவனே அடித்துப் போட்டது, கொஞ்சம் ஆசையாக. "இந்த எடிட்டரோட பவர் என்னன்னா, வேண்டாத ஸ்டெப்ப நம்ம கண்ணாலயே பாத்து எடுத்துரலாம்" என்றான் இஷ்தியாக், மவுஸ் மெதுவாகப் போனது, சேம்பிளைத் தாண்டியது, நீலக் கட்டத்தின் மேல் நின்றது, ஒரு கிளிக், டெலீட். கட்டம் போய்விட்டது. இந்தப் பக்கம் ஒரு அம்பு, அந்தப் பக்கம் ஒரு அம்பு, நடுவே வெள்ளை. அப்புறம் இரண்டு அம்பும் ஒன்றையொன்று பார்த்து நகர்ந்து, கச்சிதமாக ஒட்டிக்கொண்டன, அங்கே ஒருத்தன் இருந்தான் என்பதற்கு ஒரு வளைவுகூட இல்லை. ஹால் முழுக்கக் கைதட்டல். அன்டூ பண்ணுவான் என்று எலியாஸ் காத்திருந்தான், பிறகுதான் ஞாபகம் வந்தது, அன்டூ இன்னும் எழுதவில்லை, இரண்டாவது வெர்ஷனுக்கு என்று தள்ளி வைத்தது. ஆனால் தானாக சேவ் ஆவது மட்டும் பிரமாதமாக எழுதியிருந்தான்.

"இன்னாப்பா, மூஞ்சிய ஏன் இப்டி வச்சிக்கினு கீற" என்று கை கழுவும் இடத்தில் இஷ்தியாக்கே வந்து கேட்டான், விரலில் பிரியாணி நெய், "டெமோப்பா அது, எதனா ஒண்ண எடுத்துக் காட்டணும்ல, கட்டிங்க எடுத்தா சாஹிப் என்ன எடுத்துருவாரு." அப்போது எலியாஸ் கேட்க நினைத்தது ஒன்று, நறுக்கென்று, நாலு வார்த்தை, பஸ்ஸில் இப்போது அது எவ்வளவு அழகாக வருகிறது, ஆனால் அங்கே வாயிலிருந்து வந்தது, கை துடைக்க பேப்பர் இருக்கா பாய் என்பதுதான். டெமோதான், டெமோதான் என்று நம்பிக்கொண்டு நாலு எட்டு வைப்பதற்குள் பர்சனெல் மேனேஜர் கவுஸ் பாஷா கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய், "எலியாஸ் சார், திங்கக்கெழமலேந்து நீங்க பேரணாம்பட்டு தோல் டேனரிக்குப் போய்டுங்க, அங்க ஸ்டோர்ஸ்ல ஒரு கம்ப்யூட்டர் சும்மா கெடக்குது, பாத்துக்கணும், ப்ரமோஷன் மாதிரி வச்சிக்குங்களேன்" என்றார், ஆறுதலாகத்தான் சொன்னார், நல்ல மனிதர். ஸ்டோர்ஸ் என்றால் சுண்ணாம்பு மூட்டை, உப்பு மூட்டை. எடிட்டரைத் தனிக் கம்பெனியாக்கி எலியாஸைத் தலைவராகப் போடப்போகிறார் சாஹிப் என்று சொன்னது யார்? செப்டம்பரில் ஜெர்மனி கண்காட்சிக்கு நீதான் போற என்று சொன்னது யார்? இஷ்தியாக். சாஹிப் அதை ஒரு நாளாவது தன் வாயால் சொன்னாரா? பள்ளிகொண்டா வந்துவிட்டது, பஸ் நின்று மூச்சு விட்டது... ஆனால் இதெல்லாம் இல்லை, நெஞ்சில் நிற்பது வேறு. பிப்ரவரியில் இஷ்தியாக் வந்து பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டு, "தோஸ்த், ஒரு கட்டத்த எடுத்தா அம்பு ரெண்டும் அந்தரத்துல தொங்குது, பாக்க அசிங்கமா கீது, தானா சேர்ற மாதிரி பண்ணேன்" என்றானே, அப்போதே தெரியுமா அவனுக்கு, எந்தக் கட்டத்தை எடுக்கப்போகிறான் என்று? அதைக் கேட்டு லெந்து நாட்கள், அந்த நாற்பது நாள் தவக்காலம் பூராவும் உட்கார்ந்து, பெரிய வெள்ளி ஆராதனையில் சிலுவையின் ஆறாம் வார்த்தைக்கு, முடிந்தது என்கிற அந்த வார்த்தைக்கு, எல்லாரும் தலை குனிந்திருக்கும்போது அம்பு எங்கே வளையவேண்டும் என்று சங்கீதப் புத்தகத்தின் பின்னட்டையில் போட்டுப் பார்த்தவன் இவன். எவ்வளவு அழகாகச் செய்து கொடுத்தான். இவ்வளவு அழகு எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை வேறு வரும். போன ஞாயிறுதான் சர்ச்சில் போதகர் ஐயர் ஆல்டரிலிருந்து அறிவித்தார், நமது சபையின் அன்புச் சகோதரர் எலியாஸ் அவர்கள் கம்பெனித் தலைவராக உயர்த்தப்பட்டு ஜெர்மனி தேசம் செல்ல இருப்பதற்காக ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறார்கள் என்று, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், எலியாஸ் கண்ணை மூடி அடக்கமாக முகத்தை வைத்துக்கொண்டான், கண்ணாடி முன்னால் பழகியது. கொடுத்த ஸ்தோத்திரத்தை எப்படித் திரும்ப வாங்குவது, அதற்கு ஏதாவது ஜெபம் இருக்கிறதா? போன் அடித்தது, பெண்டாட்டி அக்சா, வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வார்டிலிருந்து, அவளுக்கு டீ நேரம். "ஏங்க, முடிஞ்சிதா? ஜெர்மன்காரருக்குப் புடிச்சிதா?" புடிச்சிது என்றான். "கை தட்னாங்களா?" தட்னாங்க என்றான். அவள் பக்கத்திலிருந்த யாரிடமோ, தட்னாங்களாம்டி என்று சொல்வது கேட்டது, பிறகு, "யாருங்க மொதல்ல தட்னது, சாஹிபா?" என்று கேட்டாள், சந்தோஷமாக. லைன் சரியில்ல, வீட்டுக்கு வந்து பேசறேன் என்று வைத்துவிட்டான், லைன் நன்றாகத்தான் இருந்தது. யார் முதலில் தட்டியது... சாஹிப் இல்லை, அவர் கையில் கண்ணாடி. இஷ்தியாக் கையில் மவுஸ். ஜெர்மன்காரர் எழுதிக்கொண்டிருந்தார். கட்டம் மறைந்து அம்புகள் சேருவதற்கு முன்னால் அந்தப் பழைய மெஷின் எப்போதும்போல ஒரு கணம் திக்கியது, வெள்ளைத் திரையில் இரண்டு மூக்கும் அந்தரத்தில் நின்றன, சேர்ந்துடு, கர்த்தரே, சேர்ந்துடு என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது, சேர்ந்ததும் பின்வரிசையிலிருந்துதான் முதல் கைதட்டல் வந்தது. பின்வரிசையில் எலியாஸ் ஒருத்தன்தான் உட்கார்ந்திருந்தான்.