அம்மாவின் பிறந்த வருடம், மாலை ஐந்து மணிக்குள்

1.

இந்தக் கதையின் தொடக்கத்தை மாற்றிவிட்டேன். முதலில் இப்படி இருந்தது: "ஒரு மெக்கானிக் ஓய்வுபெறும் நாளில் வானம்..." வானம் எதற்கு? அப்பா முப்பத்தாறு வருடம் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை பார்த்தவர். அவர் எங்கே வானத்தைப் பார்த்தார்? அடித்துவிட்டேன்.

உண்மையில் இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. அப்பா பேனாவால் நிரப்பிக் கொடுத்த தாளைப் பார்த்து நான் லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருக்கிறேன். பென்ஷனை எப்படி வாங்குவது? ஒரே தவணையில் மொத்தமாக வாங்கினால் வரியே பெரும் பங்கைக் கடித்துவிடும். அதை நேற்றே தள்ளிவிட்டோம். மிச்சம் இரண்டு.

(அ) மாதம் நூறு. அப்பா இருக்கும்வரை. அதன்பின் அம்மாவுக்கு ஒன்றுமில்லை.
(ஆ) மாதம் எண்பத்தைந்து. அப்பாவுக்குப் பின் அம்மாவுக்கு அதில் பாதி.

[நூறெல்லாம் சும்மா உதாரணத்துக்கு. அசல் தொகையை எழுதினால் அப்பா என்னைத் தொலைத்துவிடுவார்.]

இன்று ஐந்து மணிக்குள் டிக் அடிக்காவிட்டால் தானாகவே (அ). பிறகு மாற்றவே முடியாது.

2.

"ரெண்டு பேர்ல யாரு முதல்ல போவோம்னு கேக்குறான், அவ்வளவுதானே?" என்றார் அப்பா. "நான்தான். மூணு வயசு மூத்தவன். ரெண்டாவதையே போடு."

"வேணாங்க," என்றாள் அம்மா. "முழுசா நீங்களே வாங்குங்க. எனக்கு எதுக்கு?"

"சும்மா இரு, சின்னப் பொண்ணு. மூத்தவன் சொல்றேன்ல."

(முப்பத்து மூன்று வருடமாக எங்கள் வீட்டுச் சண்டைகள் எல்லாம் இந்த வரியில்தான் முடிகின்றன. டிவி ரிமோட் உட்பட.)

இங்கே அம்மாவைத் தியாகியாக்கி இரண்டு பத்தி எழுதினேன். "அவள் கண்களில் ஒரு" என்று வந்ததும் கை நின்றுவிட்டது. பஸ்ஸில் மீதிச் சில்லறையை விடாமல் கேட்டு வாங்குகிறவள் பென்ஷனை விடுவாளா? பாத்திரம் ஒட்டவே இல்லை.

3.

அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"பர்த் சர்டிபிகேட் கேக்குதாமே?"

"ரெண்டாவதுக்கு உன்னோடது வேணும்மா."

"அப்போ முதல்லதையே போட்டுடு."

"ஏன்?"

பதிலுக்கு மடித்துவைத்திருந்த அந்த சர்டிபிகேட்டையே நீட்டினாள். படித்தேன். விரல் விட்டு எண்ணினேன். அம்மாவுக்கு ஐம்பத்தேழு இல்லை, அறுபத்திரண்டு. அப்பாவைவிட இரண்டு வயது மூத்தவள்!

"அம்மா!"

"கத்தாதடி. கல்யாணம் பேசினப்ப எங்கப்பா அஞ்சைக் குறைச்சுட்டாரு. அப்புறம் சொல்றதுக்கு நேரமே அமையல."

"முப்பத்து மூணு வருஷமாவா?"

"மூத்தவன் மூத்தவன்னு சந்தோஷமா இருக்காரு. கெடுப்பானேன்?"

நானாகப் போட்டிருந்த பழைய வருடத்தை அழித்து, சரியானதைச் சும்மா தட்டிப் பார்த்தேன். எண்பத்தைந்து, தொண்ணூற்றொன்றாக ஏறியது. (வயதானவளுக்குக் குறைந்த வருடங்கள் கொடுத்தால் போதுமாம். கம்ப்யூட்டருக்குக் கல்நெஞ்சு.)

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஆறு கூடவா?"

இதோ, இவள்தான் என் அம்மா. பாத்திரம் இப்போது ஒட்டுகிறது.

4.

முடிவு ஒன்று: அம்மா சொல்லிவிடுகிறாள். அப்பா இரண்டு நாள் பேசாமல்... இல்லை, ரிமோட்டைத் தூக்கி அம்மா கையில்... தெரியவில்லை.

முடிவு இரண்டு: அப்பாவுக்கு முன்பே தெரியும். இது என் ஆசை. ஆனால் அவர் எழுதிய தாளைத் திரும்பப் பார்த்தேன். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது. மனைவி பிறந்த வருடம் மட்டும் காலி. ஒரு நட்டைக்கூட மறக்காத மனுஷன் இதை மறந்தாரா, விட்டாரா? [இதை நான் சேர்க்கவில்லை. சத்தியம்.]

அம்மாவிடம் காட்டினேன். ஒரே தட்டை மூன்றாவது முறையாகத் துடைத்தாள்.

"நீதான் கதை எழுதுறியே. அதுல போடு. படிக்கிறவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்லு."

ஹாலில் இருந்து குரல்: "சின்னப் பொண்ணு, முடிஞ்சுதா?"

மணி நாலு ஐம்பது. அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று திரையையே பார்க்கிறாள். சீக்கிரம் சொல்லுங்கள், அவரிடம் சொல்லிவிடலாமா?