தங்கியிருக்கும் காலம்

1

இந்தக் கதை ஒரு பொலிஸ் படிவத்தின் ஐந்தாம் கேள்வியில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பிடம் ஒன்று சொல்லலாமா என்று யோசித்தேன். வெள்ளவத்தைக் கடற்கரை, மாலை வெயில், தண்டவாளத்தருகே நான்... (வேண்டாம். நான் கடற்கரைக்குப் போய் நாலு மாதம்.)

இது 1997. வெள்ளிக்கிழமை பின்னேரம். வெள்ளவத்தையில் நானும் என் சிநேகிதியும் வாடகைக்கு இருக்கும் ஒற்றை அறையில் இருந்து எழுதுகிறேன். கதாநாயகி மூன்றடி தள்ளியிருந்து வெங்காயம் உரிக்கிறாள். அவளுக்கு நாகேஸ்வரி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

"அது என்ர பெரியம்மாவின்ர பேர். வேற பேர் கிடைக்கேல்லையோ?"

"உன்ர உண்மைப் பேரைப் போட்டால் பொலிசுக்கு வசதியாப் போயிடும்."

"அப்ப பெரியம்மாவே இருக்கட்டும்."

2

முதல் தொடக்கம்: 'கொழும்பு என்னும் மாநகரம், கனவுகளோடு வரும் இளைஞர்களை'

வெட்டிவிட்டேன். இந்த வசனத்தை ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதி முடித்துவிட்டார்கள்.

இரண்டாம் தொடக்கம்: நாகேஸ்வரி யாழ்ப்பாணத்தில் வணிகம் படித்துப் பட்டம் பெற்றவள். கொள்ளுப்பிட்டியில் ஒரு கணக்காய்வு நிறுவனம் அவளை நேர்முகத்துக்கு அழைத்தது. போரால் தரைப்பாதை மூடிக்கிடந்ததால் கப்பலில் திருகோணமலைக்கும், அங்கிருந்து பஸ்ஸில் கொழும்புக்கும் வந்தாள். வடக்கிலிருந்து வருகிற தமிழர் எல்லாரையும் போல வந்ததும் பொலிசில் பதிந்தாள். வந்த காரணம்: நேர்முகத் தேர்வு. தங்கியிருக்கும் காலம்: இரண்டு கிழமை. அது வருகிற திங்கட்கிழமை முடிகிறது. வேலைக் கடிதம் கையில் இருந்தால் புதுப்பிக்கலாம். இல்லாவிட்டால் திரும்பவும் கப்பல்தான்.

3

அவளைத் தயார்ப்படுத்தியது நான். ஒரு வருடம் முந்தி வந்தவள் என்ற தலைக்கனம். அறையில் கதிரை ஒன்றுதான். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு அதில் இருந்தால் நான் நேர்முகம் நடத்தும் முகாமையாளர். தலையில் கட்டினால் சோதனைச்சாவடி ஆமிக்காரன். இரண்டு பேருக்கும் ஒரே கேள்விகள்: நீ யார், எங்கிருந்து வந்தாய், எவ்வளவு காலம் இருப்பாய்? விடைகள்தான் வேறு.

ஆமிக்காரனுக்குச் சிங்களத்தில்: "சதி தெக்கய், மஹத்தயா." இரண்டு கிழமை, ஐயா.*

முகாமையாளருக்கு ஆங்கிலத்தில்: குறைந்தது ஐந்து வருடம், படிப்படியாக உயர்ந்து ஒரு பொறுப்பான பதவிக்கு வர ஆசை.

"ரெண்டையும் ஒண்டாப் பழக்காதை. குழம்பிப்போவன்" என்றாள். நான் கேட்கவில்லை. துவாய் தோளுக்கும் தலைக்குமாகப் பறந்தது.

(* சிங்களத்தில் சதி என்றால் கிழமை, அதாவது வாரம். துவக்கு வைத்திருப்பவரிடம் போய் 'சதி' என்று வாய்கூசாமல் சொல்லி, அதனாலேயே தப்பி வருகிற சனம் நாங்கள்.)

4

செவ்வாய்க்கிழமை காலை நாகேஸ்வரி நேர்முகத்துக்குப் போன பஸ்ஸைப் பம்பலப்பிட்டியில் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். எவ்வளவு காலம் என்று ஆமிக்காரன் கேட்டான். வழியெல்லாம் ஐந்து வருடத்தை முணுமுணுத்து வந்தவள் அதையே ஆங்கிலத்தில் ஒப்புவித்தாள், பொறுப்பான பதவி உட்பட.

'அவனுடைய கண்கள் சிவந்தன. துவக்கை உயர்த்தி'

நாகேஸ்வரி தாளை எட்டிப் பார்த்தாள்.

"பொய் எழுதாதை. அவர் சிரிச்சவர். பக்கத்தில நிண்டவரிட்ட அர்த்தம் கேட்டுப்போட்டுச் சிரிச்சவர். தனக்கே இங்க ஆறு மாசம்தானாம்."

ஆகவே அவர் சிரித்தார். அவர் இடத்தில் இன்னொருவர் நின்று, சிரிக்காமல் விட்டிருந்தால்?

5

நேர்முகத்தில் மூன்று பேர். நடுவில் ஒரு வயதான கனவான். கணக்கியல் கேள்விகளுக்கெல்லாம் பதில் டக்கென்று வந்தது. கடைசியில் அவர் ஆங்கிலத்தில் கேட்டார்: "எங்களோடு எவ்வளவு காலம் இருப்பதாக எண்ணம்?"

ஐந்து வருடம் பம்பலப்பிட்டியிலேயே செலவாகிவிட்டது.

நாகேஸ்வரி எழுந்து நின்றாள். அடையாள அட்டையை நீட்டினாள். "சதி தெக்கய், மஹத்தயா" என்றாள்.

கனவான் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இரண்டு கிழமைக்குப் பிறகு?"

"புதுப்பிப்பேன், சேர். ஒவ்வொரு முறையும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஏதோ எழுதினார். கடிதத்தில் அறிவிப்பதாகச் சொன்னார்கள்.

6

முடிவு ஒன்று: கனவான் கண்கலங்கி, அன்றே வேலை கொடுக்கிறார்.

"அந்தாளை அழவிடாதை. அவருக்குத் தடிமன் போல கிடந்தது, மூக்கைத்தான் உறிஞ்சினவர்."

முடிவு இரண்டு: 'கப்பலின் தட்டில் நின்று அவள் கடைசியாக'

இதை என்னால் எழுத முடியாது. துவாயைக் கட்டினவள் நான்.

இன்றைய தபால்காரர் போய்விட்டார். நாளை ஒரு தபால் மிச்சம் இருக்கிறது. நாகேஸ்வரி கையைத் துடைத்துவிட்டுத் திங்கட்கிழமைக்கான புதுப் படிவத்தைக் கொண்டுவந்து என் கதைத்தாளின் மேல் வைக்கிறாள். நாலு கேள்விகளை நிரப்பிவிட்டாள். காரணம் என்ற இடத்தில், கடிதம் வருமுன்னமே, 'வேலை' என்று எழுதியிருக்கிறாள்.

"அஞ்சாவதுக்கு எவ்வளவெண்டு போடுவம்?"

எனக்குத் தெரிந்த இரண்டு விடைகளும் முடிந்துவிட்டன. நீங்கள் எழுதுங்கள். பேனையால் எழுதுங்கள், பொலிசில் பென்சிலை ஏற்கமாட்டார்கள்.

5. தங்கியிருக்கும் காலம்: ..............................